கறுப்புத் துணியின் ஓரம்

சேசு மரி சூசை துணை

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர் 8
14.4.1957

அன்புத் தங்கை அருள்ஜோதிக்கு அண்ணன் சிலுவைராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். இன்று குருத்து ஞாயிறு. லூர்து மாதா கோயிலில் கூட்டம் வாசல்வரை நின்றது.

இத்துடன் நாலு பூப்படம் வருகிறது. நீ கல்யாணமாகிப் பொன்மலைக்குக் கப்பலேறிப் பதினோரு வருஷமாகியும் படத்துக்கு வண்ணம் பூச உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. கடைக்குப் புதிதாக வந்திருக்கிறவன் எல்லார் கன்னத்திலும் ரோஸ் பூசிவிடுகிறான். மாப்பிள்ளையும் பெண்ணும் ஜுரத்தோடு மணவறைக்கு வந்ததுபோல் இருக்கிறது. பூக்களின் நிறத்தைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

ஏன் திடீரென்று பூ என்று கேட்டிருந்தாய். பகலெல்லாம் பாஸ்போர்ட் முகம். நடுவில் சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் காமெராவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சவப்பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்களை நிறுத்தி எடுத்தால்தானே ஊருக்கு அனுப்ப முடியும். எல்லாருக்கும் அசையாத படம் வேண்டியிருக்கிறது. எனக்கு அது சலித்துவிட்டது. பஃபலோ ரோடு பூக்கடைக் கோவிந்தசாமி சும்மா கொடுத்த செம்பருத்தி ஒன்றை ஜன்னலில் வைத்து நாள் முழுக்கப் பார்த்தேன். காலையில் ஒரு பூ, மத்தியானம் வேறு பூ, சாயங்காலம் மடக்கின குடை. இத்தனை வருஷம் படம் எடுத்தும் ஒரு பூவை முழுசாகப் பார்த்ததில்லை என்று வெட்கமாக இருந்தது.

முதலாளி காதர் மைதீன், ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் பதிகிற கண்ணாடித் தட்டுகளில் நாள் கடந்துபோனதை எனக்குத் தருகிறார். ஒரு பிரதி போட்டுக்கொண்டதும் தட்டைச் சுடுதண்ணீரில் கழுவிக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வாடிக்கைக்காரர் படங்களுக்குச் சட்டம் போட. ஆக, பூவும் போய்த் தட்டும் போய் மிச்சம் இருப்பது உன் கைக்கு வருகிற ஒரே பிரதிதான். ஜாக்கிரதை.

பூவுக்குப் பின்னால் கறுப்பு வெல்வெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது உன் அண்ணி. நான் தலையைக் காமெராத் துணிக்குள் விட்டதும் ஆரம்பித்துவிடுவாள்: “எடுத்தாச்சா? கை வலிக்குது லா. அரிசி வேற குழைஞ்சிடும்.” அலரிப் பூ படத்தில் பொறுமையில்லாமல் எட்டியே பார்த்துவிட்டாள். ஓரத்தில் காதும் கன்னமும் கலங்கி விழுந்திருக்கின்றன. தன்னைப் படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்கிற ஆள் அவள். நாங்கள் கல்யாணம் செய்தது ஜப்பான்காரன் காலம், ஃபிலிமே கிடையாது. அதற்குப் பிறகும் என் காமெரா முன்னால் அவள் நின்றதில்லை. அந்த ஓரத்தை மறக்காமல் வெட்டி எறிந்துவிடு. அவள் கண்ணில் பட்டால் எனக்கு ராத்திரிச் சோறு கிடையாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அன்பு அண்ணன்,
சிலுவைராஜ்


பொன்மலை
12.5.1957

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை அருள்ஜோதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் சுகம். தங்கள் சுகத்துக்கும் அண்ணி சுகத்துக்கும் கடிதம் எதிர்பார்க்கிறேன்.

படங்கள் வந்தன. பூசி, ஓரம் வெட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். செம்பருத்திக்குச் “சிவப்பு” என்று மட்டும் எழுதினால் நான் என்ன செய்வேன்? தபால்பெட்டியும் சிவப்பு, மாமியார் கண்ணும் சிவப்பு. அண்ணியைக் கேட்டு எழுதுங்கள். அவள் “நனைந்த செங்கல்” என்பாள், “பழைய பட்டு” என்பாள், எனக்கு உடனே விளங்கும்.

எல்லாப் படத்திலும் வலது ஓரத்தில் அண்ணியின் விரல் வந்திருக்கிறது. ஒன்றில் இரண்டு விரல், ஒன்றில் வளையலோடு மணிக்கட்டு. அதற்கும் சேர்த்துக் கூலி கேட்கலாமா என்று யோசிக்கிறேன். இருந்தாலும் நீங்கள் ஓரத்தை அங்கேயே வெட்டி அனுப்பிவிடாதீர்கள். நிறத்தைக் கலந்து அதில்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று. எழுதப் பயமாக இருக்கிறது. மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கிறது. மூன்று முறை எப்படி முடிந்ததென்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடம் மட்டும் சொல்லுங்கள். அவள் மன்றாட்டு பலிக்கும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்புத் தங்கை,
அருள்ஜோதி


சிங்கப்பூர்
2.6.1957

அன்புத் தங்கைக்கு ஆண்டவர் அருள் உண்டாவதாக. எங்கள் இருவர் நலத்துக்கும் குறைவில்லை.

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்தேன். முழுதும் கேட்டுவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். திரும்பி வந்து அவள் இட்ட கட்டளைகள்: படியேறாதே, அன்னாசி தொடாதே, கனமான குடம் தூக்காதே, மாமியாரோடு வாய் கொடுக்காதே. கடைசியைத்தான் நீ கடைப்பிடிக்க மாட்டாய் என்கிறாள்.

போன வாரம் இங்கே புறாப் பூ பூத்தது. உனக்கு நினைவிருக்கும், மழைமரத்துக் கிளைகளில் ஒட்டி வளர்கிற சின்ன ஆர்க்கிட். பெருமழை பெய்து சில நாள் சென்றபின், கேலாங்கிலிருந்து உட்லண்ட்ஸ்வரை எல்லா மரத்திலும் ஒரே காலையில் பூக்கும், பொழுது சாய்வதற்குள் தலையைத் தொங்கப்போடும். அண்ணிக்கு அதுதான் உயிர். எடுத்தே தீர வேண்டும் என்றாள். கடையில் அன்றைக்கென்று ஒரு கல்யாணக் கூட்டம். நான் ஓடி வருவதற்குள் எல்லாம் வாடிவிட்டது. அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்று சமாதானம் சொன்னேன். அது வெள்ளைப் பூ, நீ பூச வேண்டிய வேலையே இல்லை.

அண்ணிக்கு வயிற்றில் ஏதோ வலி. வாய்வு என்கிறாள். இந்த வாரம் துணியை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிடித்தாள். அதனால் விரல்கள் கொஞ்சம் கீழே விழுந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பொன்மலை
14.7.1957

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நான் சுகம், வயிற்றுப் பிள்ளையும் சுகம் என்று டாக்டரம்மா சொல்கிறாள்.

அண்ணிக்கு வலி எப்படி இருக்கிறது? வாய்வு இத்தனை நாளா இருக்கும்? நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். அவள் வேண்டாம் என்றால் கேட்காதீர்கள், அவள் எதைத்தான் வேண்டுமென்றாள்?

என்னை இங்கே கண்ணாடிப் பாத்திரம்போல் வைத்திருக்கிறார்கள். மாமியாரின் சட்டம்: கெட்ட செய்தி எதுவும் என் காதில் விழக்கூடாது. விழுந்தால் கரு கலைந்துவிடுமாம். எதிர்வீட்டுப் பெரியவர் இறந்ததற்குப் பாண்டு வாத்தியமே வாசித்தார்கள், இவர்கள் திருவிழா ஒத்திகை என்றார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். ஆனாலும் எனக்கும் உள்ளூரப் பயம்தான் அண்ணா. முன்பு மூன்றாவது முறை கலைந்தது அம்மா இறந்த தந்தி வந்த வாரம். அதை யாரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

புதுப் படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. அண்ணி உட்கார்ந்து பிடித்தால்கூடத் துணி நேராகத்தான் இருக்கிறது.

அவளைக் கேட்டதாகச் சொல்லவும். ஒரு வரியாவது அவள் கையால் எழுதச் சொல்லவும்.

அருள்ஜோதி


சிங்கப்பூர்
18.9.1957

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அலெக்சாண்டர் அவர்களுக்குச் சிலுவைராஜ் எழுதுவது.

அருள்ஜோதி கையில் சிக்காமல் இருக்கத்தான் இதை உங்கள் ஒர்க்‌ஷாப் விலாசத்துக்குப் போடுகிறேன். போன வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி அல்போன்சம்மாள் தவறிவிட்டாள். வாய்வு என்றது கட்டி. ஜூலை கடைசியில் டாக்டர் சொன்னார், அதற்குள் காலம் கடந்திருந்தது. கடைசி நேரத்தில் சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார், எல்லாம் முறையாக நடந்தது. பிடாடரிக் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

கடைசி வாரம் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “பிள்ளை கையில வர்ற வரைக்கும் ஜோதிக்குச் சொல்லாதீங்க. நான் நல்லா இருக்கேன்னே எழுதுங்க.” சரி என்றேன். உங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் எனக்கும் தெரியும். ஆகவே பிள்ளை பிறந்து, தாய் தேறும்வரை நீங்களும் வாய் திறக்கக்கூடாது. கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஊரார் சாவுக்கெல்லாம் படம் எடுத்தவன் அன்றைக்குக் காமெராவைத் தொடவில்லை. அவளுக்குப் பிடிக்காது. அடையாள அட்டைக்குச் சர்க்கார் ஆள் எடுத்த ஒரு படம் இருந்தது. சாவைப் பதியும்போது அட்டையை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள், கொடுத்துவிட்டேன். வெளியே வந்தபின்தான் உறைத்தது. இப்போது அவள் முகம் என்று என்னிடம் ஒன்றுமில்லை. கண்ணை மூடினால் வருகிறது. எத்தனை நாள் வரும் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில் ஒரு பூவை ஜன்னலில் வைத்தேன். துணி பிடிக்க ஆளில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

சிலுவைராஜ்


பொன்மலை ஒர்க்‌ஷாப்
29.9.1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு அலெக்சாண்டர் வணக்கம். கடிதம் கண்டு கை ஓடவில்லை. இங்கே சாமியாரிடம் சொல்லி அக்காவுக்காகப் பூசை வைத்தேன். யாருக்கு என்று கோயிலில் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உங்கள் கடிதம் என் கருவிப் பெட்டியில் இருக்கிறது. எனக்குப் பொய் சொல்ல வராது மச்சான். ஓவர்டைம் என்று சொல்லிப் பொழுது இருட்டியபின்தான் வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் கேட்டபடியே நடக்கும். தனியாக இருக்காதீர்கள், சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

அலெக்சாண்டர்


சிங்கப்பூர்
20.10.1957

அன்புத் தங்கை அருள்ஜோதிக்கு, அண்ணன் அண்ணி இருவரின் ஆசீர்வாதம். இங்கு சகலரும் க்ஷேமம்.

கடிதம் போடத் தாமதமாகிவிட்டது. வேலை ஜாஸ்தி. அண்ணிக்கு வலி விட்டுவிட்டது. இப்போது ஒன்றுமில்லை. கை நடுங்குவதால் எழுத வரவில்லை என்கிறாள். உன்னை நன்றாகச் சாப்பிடச் சொல்கிறாள்.

மூன்று படம் அனுப்புகிறேன். இவை புதுப்பூ அல்ல. ஜாடியில் வைத்த ரோஜாவை எடுக்க மறந்து, வாரம் கழித்துப் பார்த்தேன். இதழ் காய்ந்து விளிம்பு சுருண்டு, உள்ளே இருந்த நரம்பெல்லாம் தெரிய ஆரம்பித்திருந்தது. பூத்த அன்று இவ்வளவு விவரம் அதில் இல்லை. கீழே விழுந்த இதழ்களையும் நகர்த்தாமல் எடுத்தேன். வாடின பூவை வீட்டில் வைத்தால் உன் அண்ணிக்கு ஆகாதே, அவள் அசந்த நேரத்தில் எடுத்தது.

நிறம்: பழுப்பு கலந்த சிவப்பு. சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

உடம்பு பத்திரம்.

அண்ணன்


பொன்மலை
10.11.1957

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நான் மிகவும் சுகம். பிள்ளை உதைக்கிறது.

படங்களைப் பூசி அனுப்பியிருக்கிறேன். அந்த நிறம் பிடிபட நாளானது. ஆறிப்போன டீயின் நிறத்தில் துளி ரோஸ் சேர்த்தேன். நீங்கள் எடுத்ததிலேயே இந்த ரோஜாக்கள்தான் அழகு. இந்த முறை ஓரத்தில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

அண்ணி நலம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள். எனக்குப் போதவில்லை. விவரமாக எழுதுங்கள். காலையில் என்ன சமைக்கிறாள்? பக்கத்து அறை மைமூனோடு இன்னும் மிளகாய்ச் சம்பால் சண்டை நடக்கிறதா? எந்தச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள்? நீங்கள் படம் எடுக்கும்போது என்ன பேசுகிறாள்? ஒன்று விடாமல் வேண்டும். நான் இங்கே சும்மாதானே படுத்திருக்கிறேன், வாசிக்க எனக்கு வேறு என்ன இருக்கிறது?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அருள்ஜோதி


சிங்கப்பூர்
15.12.1957

அன்புத் தங்கைக்கு. இங்கு நலமே. உன் நாள் நெருங்குகிறது என்று அண்ணி செபமாலையைக் கையை விட்டு வைப்பதில்லை.

நீ கேட்டதால் எழுதுகிறேன். காலையில் இடியாப்பம். தேங்காய்ப்பாலில் ஏலக்காய் போட மறந்துவிட்டுப் போட்டேன் என்று சாதிக்கிறாள். மைமூன் போன வாரம் சம்பால் கொண்டுவந்தாள். அண்ணி ஒரு வாய் வைத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா பிளாச்சான் இறால் வாடை ஊரையே கூப்பிடுது” என்றாள். மைமூன் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், அரை மணியில் திரும்பிக் கொண்டுவந்து வைத்தாள். கோயிலுக்குக் கத்தரிப்பூச் சேலைதான். புதுசு எடுக்கலாம் என்றால் இது இன்னும் கிழியவில்லை என்கிறாள். துணி பிடிக்கும்போது வழக்கம்போல், எடுத்தாச்சா எடுத்தாச்சா என்றுதான்.

குடியுரிமைக்குப் பதிகிற கூட்டம் அப்படியே நம் கடைக்கும் வந்து குடும்பப் படம் எடுத்துக்கொண்டு போகிறது. எல்லாருக்கும் சந்தோஷம். பகல் போவது தெரியவில்லை. கடை மூடியபின் மேலே ஏறி வந்தால் வீடு அமைதியாக இருக்கும். அவள் சீக்கிரம் தூங்கிவிடுகிறாள். எழுப்ப மனமில்லாமல் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். இந்த வருஷம் நட்சத்திர விளக்கு கட்டவில்லை.

இன்னும் கேள்விகள் இருந்தால் எழுது. உனக்குப் பதில் எழுதும்போது எனக்கும் நன்றாக இருக்கிறது.

அண்ணன்


பொன்மலை
16.2.1958

அன்புள்ள அண்ணனுக்கு அருள்ஜோதியின் வணக்கம். தந்தியில் பார்த்திருப்பீர்கள். ஆண் பிள்ளை. ஞானஸ்நானம் ஆயிற்று. நாற்பது நாளும் கழிந்தது. நான் தேறிவிட்டேன். பிள்ளைக்குக் குரல் உங்களைப்போல், கோபம் என்னைப்போல்.

அண்ணா, இனி நீங்கள் எப்படிச் சொல்வது என்று தவிக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

காய்ந்த ரோஜாப் படங்கள் வந்த அன்றே தெரியும். கட்டைப் பிரித்ததும் என் கண் வழக்கம்போல் வலது ஓரத்துக்குத்தான் போனது. விரல் இல்லை. மூன்றிலும் இல்லை. துணி மேலே ஒரு புள்ளியிலிருந்து தொங்கி மடிந்திருந்தது. அண்ணி உயிரோடு இருந்தால் அந்த மடிப்பை விடுவாளா? ஓரத்தை வெட்டாமல் அனுப்புங்கள் என்று நானே கேட்டு வைத்திருந்தேனே, நீங்கள் மறந்துவிட்டீர்கள். பிறகு உங்கள் மாப்பிள்ளை. ஓவர்டைம் என்பார், சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது.

அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். இது உன் அத்தை வைத்துவிட்டுப் போன பத்தியம், நீ போகக்கூடாது என்று உள்ளே இருந்தவனிடம் சொன்னேன். அவன் கேட்டான். கல்லறைத் திருநாளன்று என்னைக் கோயிலுக்கு விடவில்லை. அடுப்படியில் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். பகலில் எதற்கு என்று மாமியார் கேட்டாள். எறும்பைப் பார்க்க என்றேன்.

தெரிந்தும் ஏன் கேள்வி மேல் கேள்வியாக எழுதினாய் என்று நினைப்பீர்கள். அந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேச உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? என்னிடம் பேசினால் அவள் இடியாப்பம் பிழிகிறாள், சண்டை போடுகிறாள். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உங்கள் டிசம்பர் கடிதத்தை வாசித்து நான் அழுத அழுகைக்கு அளவில்லை. அவள் சீக்கிரம் தூங்கிவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்களே.

இத்துடன் ஒரு சின்ன உறை வைத்திருக்கிறேன். நீங்கள் எறியச் சொன்ன ஓரங்கள். நான் எதையும் எறிவதில்லை என்று அண்ணிக்குத் தெரியும். அவளுடைய விரல்கள், வளையல், ஒன்றில் கல்யாண மோதிரம். அலரிப் படத்து ஓரமும் இருக்கிறது, எட்டிப் பார்த்தாளே, அது. காதுக்கும் கன்னத்துக்கும் இப்போதுதான் வண்ணம் பூசினேன். மாநிறத்துக்கு ரோஸ் சேர்க்கவில்லை. சில விரல்கள் மேல் நான் அப்போது தொட்டுப் பார்த்த சிவப்பும் மஞ்சளும் விழுந்திருக்கின்றன. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பூத் தொடுத்த கைபோல் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை. கருவிப் பெட்டியை என்னிடமிருந்து ஒளித்துக்கொண்டு திரிகிறார், பாவம். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள்
அருள்ஜோதி


சிங்கப்பூர்
9.3.1958

அன்புத் தங்கை அருள்ஜோதிக்கு, உனக்கும் மாப்பிள்ளைக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்வாதம். நான் இருக்கிறேன்.

உறை வந்து நாளாகிறது. பிரிக்கக் கை வரவில்லை. போன வாரம் இங்கே பெருமழை. இன்று காலை பூசைக்குப் போகும்போது சிராங்கூன் ரோட்டு மரங்களெல்லாம் வெள்ளையாக இருந்தன. புறாப் பூ. காமெராவை எடுக்க வீட்டுக்கு ஓடப் பார்த்தேன். பிறகு ஓடவில்லை. பஸ் ஏறிப் பிடாடரிக்குப் போனேன். அவளுக்குப் பக்கத்து மரத்திலும் பூத்திருந்தது. சாயங்காலம் அவை தலை தொங்கும்வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றைக்கூடப் படம் எடுக்கவில்லை. குறையாகத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். நீ பூசி அனுப்பிய அலரிப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அதன் ஓரத்தை வெட்டின இடத்தில் வைத்தேன். பொருந்தியது. பூ, கறுப்புத் துணி, அதற்கப்பால் அவள், எடுத்தாச்சா என்று கேட்டுக்கொண்டு. நான் பூவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் ஜோதி. துணிக்குப் பின்னால் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்க இவ்வளவுதான் இருக்கிறது. இந்த ஊர் ஈரத்தில் இந்த வண்ணமும் மங்கிவிடும். மங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

மைமூன் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஓரத்தைப் பார்த்தாள். “இது அவங்க காதுதானே?” என்றாள். ஆமாம் என்றேன். சோறு ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிள்ளையைப் படம் எடுத்து அனுப்பு. ஓரத்தை வெட்டாதே, நீ பிடித்துக்கொண்டிருக்கிற கையும் தெரிய வேண்டும்.

நீ கேட்டதாக அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

அன்பு அண்ணன்,
சிலுவைராஜ்